அடிக்குறிப்பில் கிடந்தவர்கள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். பத்து வருடங்களாக இங்கிலாந்தில் இருக்கிறேன். கணினித் துறை. ஓவியத்தில் பயிற்சி எதுவும் கிடையாது. உங்கள் தளத்தில் ஓவியங்கள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் அருங்காட்சியகம் போகும் பழக்கம் வந்தது.

2024 டிசம்பரில் லண்டன் டேட் பிரிட்டன் அருங்காட்சியகத்தில், சமகாலக் கலைக்காகப் பிரிட்டனில் கொடுக்கும் டர்னர் பரிசின் கண்காட்சிக்கு மகளையும் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அந்த வருடம் பரிசு பெற்ற ஜஸ்லீன் கௌரின் அறையில் ஒரு சிவப்பு ஃபோர்டு எஸ்கார்ட் கார் நின்றது. அதன்மேல் பெரிய குரோஷா துணி. ஊரில் அம்மா டிவி மேல் போட்டு வைத்திருப்பாரே, அதையே பெரிதாகப் பின்னி காருக்குப் போர்த்தியது மாதிரி. ஆள் இல்லாமல் தானே வாசிக்கும் ஹார்மோனியம் ஒன்று. இதில் கலை எங்கே இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்கு வந்து பரிசளிப்பு விழாவின் வீடியோவைப் பார்த்தேன். பாலஸ்தீனக் கொடியின் நிறங்களில் துண்டு அணிந்து பேசினார். முந்தைய வருடம் வென்ற ஜெஸ்ஸி டார்லிங் மேடையிலேயே அந்தக் கொடியை எடுத்துக் காட்டியிருக்கிறார். 2019-இல் நான்கு பேர் போட்டியே வேண்டாம் என்று பரிசைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். 2021-இல் தனிக் கலைஞர் ஒருவர்கூடப் பட்டியலில் இல்லை, எல்லாம் சமூகப் பணிக் குழுக்கள். 2025-இல் கற்றல் குறைபாடு உள்ள நெனா காலுவுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

இவர்கள் சொல்லும் பல விஷயங்களில் எனக்கும் உடன்பாடுதான். ஆனால் நடுவர்கள் கலைக்கு மதிப்பெண் போடுகிறார்களா, கொள்கைக்குப் போடுகிறார்களா? ஓவியர் டர்னர் கடலையும் ஒளியையும் வரைந்தவர். அவர் பெயரில் ஏன் இது?

மகளுக்குப் பதினோரு வயது. அந்தக் காரை விட்டு வரவே மாட்டேன் என்றாள். "இது யாரோட கார்ப்பா?" என்று கேட்டாள். தெரியாது, வா போகலாம் என்று இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்புடன்,
கே.

*

அன்புள்ள கே.,

டர்னரிலிருந்தே தொடங்குகிறேன். அவர் கடலையும் ஒளியையும் வரைந்தவர்தான். 1840-இல் லண்டன் ராயல் அகாடமி கண்காட்சியில் அவர் வைத்த ஒரு படத்திலும் கடலும் ஒளியும்தான் இருக்கின்றன. நடுவே செங்குத்தாக இறங்கும் சூரியன், இரண்டு பக்கமும் ரத்தமும் மஞ்சளும் கலந்த வானம், இடப்பக்கம் தூரத்தில் பாய் சுருட்டிய கப்பல். இவ்வளவையும் பார்த்துவிட்டுக் கண் கீழே வலது மூலைக்கு வரும்போது ஒரு கால் தெரியும். கறுத்த கால், கணுக்காலில் விலங்கு. சுற்றிலும் மீன்கள், மேலே பறவைகள். கொஞ்சம் தள்ளி அலைக்கு மேலே கைகள், மிதக்கவே முடியாத இரும்புச் சங்கிலிகள். டர்னர் அதற்கு வைத்த தலைப்பைத் தமிழில் சொன்னால்: 'அடிமை வணிகர்கள் இறந்தவர்களையும் இறந்துகொண்டிருப்பவர்களையும் கடலில் வீசுகிறார்கள் – சூறாவளி வந்துகொண்டிருக்கிறது.'

1781-இல் ஸாங் என்ற கப்பலில் 130-க்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைக் கடலில் தூக்கி எறிந்தார்கள். கப்பலில் நோயில் செத்தால் காப்பீடு கிடையாது, 'சரக்கை' வேறு வழியில்லாமல் கடலில் எறிந்ததாகக் கணக்குக் காட்டினால் உண்டு. அந்தச் சம்பவம்தான் இந்தப் படத்தின் பின்னால் இருக்கிறது என்பது பொதுவான கருத்து. படம் வைக்கப்பட்ட அதே ஆண்டில்தான் லண்டனில் உலக அடிமை ஒழிப்பு மாநாடு கூடியது. காலத்தின் மிகச் சூடான அரசியலில் கைவைத்த படம் அது. இதே டர்னர் 1805-இல், அடிமைகள் உழைத்த ஜமைக்கா கால்நடைப் பண்ணை ஒன்றில் நூறு பவுண்டு முதலீடு செய்திருந்தவர் என்பதையும் சொல்லவேண்டும். அவரைப் புனிதராக்க நான் இதை எழுதவில்லை.

அடுத்து நடந்ததுதான் உங்கள் கேள்விக்கு முக்கியம். டர்னருக்காக வாழ்நாள் முழுதும் வாதாடிய கலை விமர்சகர் ரஸ்கின் 1843-இல் இந்தப் படத்தைப் பற்றி எழுதினார். டர்னரின் அழியாப் புகழை ஒரே ஒரு படத்தின்மீது நிறுத்தச் சொன்னால் இதைத்தான் தேர்வேன் என்றார். அலை எப்படி மேடாகிறது, செந்நிறம் எப்படி நுரையில் சிதறுகிறது என்று பக்கம் பக்கமாக வர்ணித்தார். ஆங்கில உரைநடையின் உச்சங்களில் ஒன்று என்று இன்றும் அதைச் சொல்கிறார்கள். அந்த வர்ணனையில் அடிமைகள் எங்கே? அடிக்குறிப்பில். இது அடிமைக் கப்பல், அடிமைகளைக் கடலில் எறிகிறது, கிட்டத்துக் கடலில் பிணங்கள் என்று பக்கத்தின் அடியில் ஒரு சிறு குறிப்பு.

முதன்முதலில் இதைப் படித்த நாளில் எனக்குக் கோபம் வந்தது. இத்தனை கூர்மையான கண்ணுள்ள ஒருவரால், எந்தக் காலுக்காக அந்தக் கடல் வரையப்பட்டதோ அந்தக் காலைப் பக்கத்தின் அடியில் தள்ள முடிந்திருக்கிறது. இன்று டர்னர் பரிசின் நடுவர் அறிக்கைகளைப் படிக்கும்போதும் அதே கோபம் வருகிறது, தலைகீழாக. காலனியம், புலம்பெயர்வு, அடையாளம், எதிர்ப்பு என்று வரிசையாக வரும். எந்த நிறம், எந்தப் பொருள், ஏன் இந்த அளவு, இந்த நூல் ஏன் இவ்வளவு தடிமன் என்பதெல்லாம் கடைசியில் ஒரு வரியில் முடிந்துவிடும், சில சமயம் அதுவும் இருக்காது. ரஸ்கின் அடிமைகளை அடிக்குறிப்பில் போட்டார். இவர்கள் கடலைப் போடுகிறார்கள். எனக்கு இரண்டும் ஒரே குற்றம்தான். படத்தில் அந்தக் காலும் கடலும் பிரிந்து இல்லை. அந்தச் சிவப்பு அந்தக் காலால்தான் அவ்வளவு சிவப்பு.

இந்தப் பரிசு மீதான புகார் காலத்துக்குக் காலம் மாறிவந்திருக்கிறது. 1984-இல் தொடங்கிய பரிசு இது. 2001-இல் மார்ட்டின் க்ரீட் வென்றபோது அவர் காட்டியது ஒரு வெற்று அறை; ஐந்து விநாடிக்கு விளக்கு எரியும், ஐந்து விநாடிக்கு அணையும். ஒன்றுமே சொல்லவில்லையே, இதெல்லாம் கலையா என்றார்கள். அடுத்த ஆண்டு பண்பாட்டுத் துறை அமைச்சரே கண்காட்சிக்கு வந்து, கருத்துச் சீட்டில் வசைச் சொல்லோடு எழுதிக் குத்திவிட்டுப் போனார். அன்று வெறுமை என்றார்கள், இன்று பிரசாரம் என்கிறார்கள்.

ஆனால் அரசியல் இந்தப் பரிசுக்கு நேற்று வந்ததில்லை. 1998-இல் வென்ற கிறிஸ் ஒஃபிலியின் 'நோ வுமன், நோ க்ரை' படத்தை டேட் பிரிட்டனில் நான் பார்த்திருக்கிறேன். என்னைவிட உயரமான கேன்வாஸ், எட்டடி இருக்கும். ஒரு கறுப்பினப் பெண் பக்கவாட்டில் திரும்பி அழுகிறார். படத்தைச் சுவரில் மாட்டவில்லை. காய்ந்த யானை லத்தி உருண்டைகள் இரண்டைக் கால்களாகக் கொடுத்துச் சுவரில் சாய்த்து நிறுத்தியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் கழுத்துமாலையில் பதக்கமாகத் தொங்குவதும் ஒரு லத்தி உருண்டைதான். கிட்டே போனால், கண்ணிலிருந்து இறங்கும் ஒவ்வொரு கண்ணீர்த் துளிக்குள்ளும் கட்டைவிரல் நகம் அளவில் ஒரு பையனின் முகம். ஒட்டப்பட்ட புகைப்படம். எல்லாத் துளியிலும் அதே பையன்.

அவன் ஸ்டீஃபன் லாரன்ஸ். 1993 ஏப்ரல் 22 அன்று தென்கிழக்கு லண்டன் எல்தமில் பேருந்துக்காக நின்றபோது, கறுப்பன் என்ற ஒரே காரணத்துக்காக வெள்ளையர் கும்பல் ஒன்றால் குத்திக் கொல்லப்பட்டவன். வயது 18. போலீஸ் விசாரணையைச் சொதப்பியது. அவன் தாய் டோரீன் லாரன்ஸ் விடாமல் போராடினார். படம் வரையப்பட்ட 1998-இல் அரசின் விசாரணைக் கமிஷன் நடந்துகொண்டிருந்தது. போலீஸ் துறையில் நிறுவனமயமான இனவெறி இருக்கிறது என்ற அதன் அறிக்கை 1999 பிப்ரவரியில்தான் வந்தது. கொலைக்காக இருவர் தண்டிக்கப்பட 2012 ஆக வேண்டியிருந்தது. ஒஃபிலி தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை.

படத்தில் இன்னொன்று இருக்கிறது. மேல்பூச்சுக்கு அடியில், இருட்டில் ஒளிரும் வண்ணத்தில், அந்தப் பையனின் பெயரும் 1974–1993 என்ற ஆண்டுகளும் எழுதப்பட்டிருக்கின்றன. அரங்கின் வெளிச்சத்தில் அது தெரியாது என்றே சொல்லலாம். நான் பக்கவாட்டில் குனிந்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, எழுத்தின் சாயை மாதிரி ஏதோ ஒன்றைத்தான் பிடித்தேன். விளக்குகளை அணைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, யாருமில்லாத கூடத்தில், அந்தப் பெயர் தானே ஒளிரும். ஒரு தாயின் இரவை இதைவிட எப்படிச் சொல்வது? எந்த மேடைப் பேச்சிலும் இதைச் சொல்லிவிட முடியாது. ஆனால் அந்த ஆண்டு நாளிதழ்கள் எழுதியதெல்லாம் லத்தியைப் பற்றித்தான். பரிசைக் கண்டித்து ஒருவர் சாணியை வண்டியில் தள்ளிக்கொண்டு வந்து டேட் வாசற்படியில் கொட்டினார். வாசலில் சாணி தெளித்துக் கோலம் போட்டு வளர்ந்த நமக்கு அதில் அவமதிப்பு தோன்றாது, அது வேறு விஷயம். அந்தச் சந்தடியில் ஸ்டீஃபன் மறுபடியும் அடிக்குறிப்புக்குப் போனான் என்பதுதான் எனக்கு வலித்தது.

2007-இல் மார்க் வாலிங்கர் வென்ற 'ஸ்டேட் பிரிட்டன்' இன்னும் சிக்கலானது. அதை நான் நேரில் பார்க்கவில்லை. புகைப்படங்களும் படித்ததும்தான். பிரையன் ஹா என்ற மனிதர் 2001 ஜூனில் லண்டன் பாராளுமன்றச் சதுக்கத்தில் போய் உட்கார்ந்தார். ஈராக்மீது பொருளாதாரத் தடை போட்டுக் குழந்தைகளைக் கொல்கிறீர்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. பிறகு போர் வந்தது, அவர் நகரவில்லை. பதாகைகள், குழந்தைகளின் படங்கள், சிவப்புச் சாயம் தெளித்த கரடிப் பொம்மைகள், தார்ப்பாய்க் குடிசை, டீ போட ஒரு மூலை என்று அவருடைய வரிசை நாற்பது மீட்டருக்கு நீண்டது. அவரை அப்புறப்படுத்துவதை மனதில் வைத்தே 2005-இல் ஒரு சட்டம் வந்தது. பாராளுமன்றத்தைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் போராடக் கூடாது என்றது அது. 2006 மே 23 அதிகாலையில் போலீஸ் வந்து அவர் பொருள்களில் பெரும்பகுதியை அள்ளிக்கொண்டு போனது.

வாலிங்கர் அதற்கு முன்பே அங்கே போய் அந்த வரிசை முழுவதையும் படம் எடுத்து வைத்திருந்தார். அதை வைத்து அறுநூறுக்கும் மேற்பட்ட பொருள்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் செய்தார். மழையில் ஊறிய அட்டையின் கறை, வெயிலில் வெளுத்த துணி, டீ மூலை எல்லாம் அப்படியே. 2007 ஜனவரியில் டேட் பிரிட்டனின் நடுக்கூடத்தில் அது வைக்கப்பட்டது. அந்த ஒரு கிலோமீட்டர் வட்டத்தை வரைபடத்தில் போட்டுப் பார்த்தால் கோடு டேட் கட்டடத்துக்கு உள்ளேயே ஓடுகிறது. வாலிங்கர் கூடத்தின் தரையில் அந்தக் கோட்டை ஒட்டினார். கோடு அவருடைய படைப்பையே இரண்டாக வெட்டியது. பாதி சட்டத்துக்கு உள்ளே, பாதி வெளியே. பார்வையாளர் ஒரு பதாகையிலிருந்து அடுத்த பதாகைக்கு ஓர் அடி வைக்கும்போது தடைசெய்யப்பட்ட நிலத்துக்குள் நுழைகிறார்.

போலீஸ் அங்கே வரவில்லை. எனக்குப் பெரிய நெருடல் அதில்தான். தெருவில் ஒரு மனிதனின் கையில் இருந்தபோது குற்றமாக இருந்த அதே வாசகம், கூடத்துக்குள் வந்ததும் கலையாகி, பரிசும் வாங்கிவிட்டது. அப்படியென்றால் கூடத்துக்குள் வந்ததால் அதன் பல் பிடுங்கப்பட்டுவிட்டதா? ஓரளவு ஆமாம் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியை நானாக வெளியிலிருந்து கொண்டுவரவில்லை, தரையில் ஒட்டிய அந்தக் கோடுதான் என்னைக் கேட்கவைத்தது. தன் மீதே சந்தேகத்தை எழுப்பும் துணிச்சல் பிரசாரத்துக்கு இருக்காது. பிரையன் ஹா கிட்டத்தட்டப் பத்து வருடம் அந்தச் சதுக்கத்திலேயே இருந்து, 2011 ஜூனில் புற்றுநோயில் இறந்தார்.

இனி, உங்களோடு உடன்படும் இடங்கள். 2021 பட்டியலைப் பற்றி நீங்கள் சொல்வது சரி. கொரோனாவால் கண்காட்சிக் கூடங்கள் பூட்டிக் கிடந்த வருடம், அதனால் நடுவர்கள் ஐந்து குழுக்களைத் தேர்ந்தார்கள். காரணம் புரிகிறது. ஆனால் நல்லது செய்கிறார்கள் என்பதைப் பார்த்தார்களே தவிர, என்ன செய்து வைத்திருக்கிறார்கள் என்பதைப் போதுமான அளவு பார்க்கவில்லை. பட்டியல் வெளியான சில நாட்களிலேயே, தேர்வான குழுக்களில் ஒன்றே டேட்டையும் பரிசுக் கலாசாரத்தையும் கண்டித்து அறிக்கை விட்டது. கலைஞர்களின் அரசியலை நிறுவனம் தன் முகத்துக்குப் பூச்சாக எடுத்துக்கொள்கிறது என்ற அவர்களுடைய சந்தேகத்தில் எனக்கு நியாயம் தெரிகிறது.

2019-ஐ நினைத்தால் எனக்கு வருத்தம்தான். லாரன்ஸ் அபு ஹம்தான், ஹெலன் காமக், ஆஸ்கர் முரியோ, டாய் ஷானி ஆகிய நால்வரும் நடுவர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். எங்கள் ஒவ்வொருவரின் அரசியலும் வேறு, ஒன்றைவிட இன்னொன்று முக்கியம் என்று சொல்லும் போட்டியில் நாங்கள் நிற்க விரும்பவில்லை, எங்களை ஒரே குழுவாகக் கருதுங்கள் என்றார்கள். நடுவர்கள் ஒத்துக்கொண்டார்கள். மொத்தத் தொகை நாற்பதாயிரம் பவுண்டு நாலாகப் பிரிந்தது. பொதுத்தேர்தலுக்குப் பத்து நாள்கூட இல்லாத நேரம். அந்தச் செய்கை உலகம் முழுக்கச் செய்தியானது. செய்கை நல்லதுதான், அதன் உணர்ச்சியில் பொய் இல்லை. ஆனால் அந்தச் செய்தியில் அபு ஹம்தான் என்ன செய்திருந்தார் என்பது எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தது?

சிரியாவில் சைட்னாயா என்றொரு சிறை. அப்போது வெளியிலிருந்து யாரும் உள்ளே போய்ப் பார்த்தது கிடையாது. உள்ளே இருந்தவர்களும் பார்த்தது கிடையாது, ஏனென்றால் கண்ணைக் கட்டியோ இருட்டிலோதான் வைத்திருந்தார்கள். வாய் திறந்தால் அடி, சாவு. தப்பி வந்தவர்களுக்கு அந்த இடம் ஒலியாகத்தான் நினைவிருந்தது. கதவு, பூட்ஸ், பக்கத்து அறையில் விழும் அடி. 2016-இல் அவர்களோடு உட்கார்ந்து அபு ஹம்தான் அந்த ஒலிகளைத் தேடினார். இந்தச் சத்தமா, இதைவிடக் கனமா என்று கேட்டுக் கேட்டு, அந்தத் தேடலில் பயன்பட்ட 95 பொருள்களைப் பட்டியலாகவே வைத்தார். அந்தச் சிறையில் எவ்வளவு மெதுவாகக் கிசுகிசுத்தால் உயிரோடு இருக்கலாம் என்பதையும் அவர்களைக் கொண்டே அளந்தார். 2011-இல் கிளர்ச்சி தொடங்கிய பிறகு அந்தக் கிசுகிசுப்பின் அளவு 19 டெசிபெல் இறங்கியிருந்தது. ஒலியின் ஆற்றலில் கணக்குப் போட்டால் ஏறக்குறைய எண்பதில் ஒரு பங்கு. ஒரு சிறை கொலைக்களமாக மாறியதற்கு அந்த எண் சாட்சி. யாரும் பார்க்காத ஒன்றைக் கேட்டுச் சொன்ன சாட்சி.

2024 டிசம்பர் 8 அன்று சிரியாவில் அசாத் ஆட்சி விழுந்தது, சைட்னாயாவின் கதவுகள் திறந்தன. கைதிகள் வெளியே வந்த காட்சிகளைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கு அந்த 19 டெசிபெல்தான் நினைவில் வந்தது. ஜஸ்லீன் கௌர் பரிசு வாங்கி அப்போது ஐந்து நாள் ஆகியிருந்தது. 2019-இல் நடுவர்கள் ஒருவரைத் தேர்ந்திருக்க வேண்டும், ஏன் என்று வாய்திறந்து சொல்லியிருக்க வேண்டும். தேர்வு செய்வதற்காகத்தானே அவர்களைக் கூப்பிட்டார்கள்? ஒருவரைத் தேர்ந்தால் மற்ற மூவரின் துயரம் சிறிதாகிவிடும் என்று பயந்ததால் நான்கு படைப்புகளும் அந்தச் செய்கைக்கு அடிக்குறிப்பாகிப் போயின.

மேடைப் பேச்சு விஷயத்தில் மட்டும் உங்களோடு ஒத்துப்போக முடியவில்லை. பரிசு கையில் வந்த பிறகு கலைஞர் பேசுவது அவர் குடிமகனாகப் பேசுவது. படைப்பு அதற்கு முன்பே முடிந்துவிட்டது. பேச்சு பிடிக்கவில்லை என்பதற்காகப் படைப்பைத் தள்ளுவதும், பிடித்ததால் அள்ளி அணைப்பதும் ஒரே தவறு. மேடை கலைஞரின் வாயால்தான் அழுக்கானது என்றும் சொல்ல முடியாது. டேட் மில்பேங்கில் இருந்த பெரிய சிறையை இடித்த இடத்தில், சர்க்கரை வியாபாரி ஹென்றி டேட்டின் பணத்தில் எழுந்து 1897-இல் திறந்தது. 1990-இல் ஸ்பான்சரான முதலீட்டு நிறுவனம் திவாலானதால் அந்த ஆண்டு பரிசே கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு வேறொரு ஸ்பான்சரின் பணத்தில் மும்பையில் பிறந்த அனிஷ் கபூருக்குக் கிடைத்தது. 2019-இல் ஸ்பான்சராக அறிவிக்கப்பட்ட பேருந்து நிறுவனம், அதன் தலைவர் தன்பாலினத்தாருக்கு எதிரான ஒரு சட்டப்பிரிவைக் காப்பாற்றப் பணம் செலவழித்தவர் என்பது பேச்சானதும் ஓரிரு நாளில் விலகியது. யார் பணம் கொடுக்கிறார்கள் என்பதும் அரசியல்தான். அதைப் பற்றி மேடையில் நின்று கேட்பவரிடம் மட்டும் 'அரசியல் பேசாதே' என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. கௌர் அன்று கேட்டதும் அதைத்தான். வாசலில் நின்று, டேட் யாரோடெல்லாம் பண உறவு வைத்திருக்கிறது என்று கேட்டவர்களின் குரலை அவர் உள்ளே கொண்டுவந்தார்.

அரசியலே கண்ணில் படாத அரசியலும் இந்தப் பரிசில் உண்டு. 2022-இல் வென்ற வெரோனிகா ரயன், கிழக்கு லண்டனின் ஹாக்னியில் தெருவோரம் மூன்று பழங்களைப் பளிங்கிலும் வெண்கலத்திலும் செய்து வைத்தார். சீதாப்பழம், ஈரப்பலா, முள்சீதா. கரீபியத் தீவுகளிலிருந்து போருக்குப் பின் பிரிட்டனுக்கு வந்து பேருந்து ஓட்டி, மருத்துவமனைகளில் வேலை பார்த்து, பின்னாளில் 'உன் காகிதம் எங்கே' என்று கேட்கப்பட்ட விண்ட்ரஷ் தலைமுறைக்கான நினைவுச்சின்னம் அது. ரயன் மான்ட்செராட்டில் பிறந்தவர். சின்ன வயதில் அம்மாவோடு ரிட்லி ரோடு சந்தைக்குப் போய் இந்தப் பழங்களைப் பார்த்தவர். ஆளுயரச் சிலை கிடையாது, பீடம் கிடையாது. குழந்தைகள் ஏறி உட்காரும் உயரம். சீதாப்பழத்தின் மேல்தோலைக் கையால் தடவிப் பழகிய யாருக்கும் அதற்கு விளக்கம் தேவைப்படாது. அதன் பக்கத்தில் போய் நின்று பாருங்கள், உங்கள் வீட்டிலிருந்து பக்கம்தானே.

நெனா காலுவைப் பற்றி நீங்கள் எழுதிய அந்த ஒரு வரியை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். அவர் 1999 முதல் ஒரு ஸ்டூடியோவில் தொடர்ந்து வேலை செய்துவருகிறார். கயிறு, துணி, பழைய வீடியோ டேப்பின் நாடா என்று எதையும் இழுத்துச் சுற்றி முடிந்து, கூட்டுப்புழு மாதிரி தொங்கும் பெரிய உருவங்களைச் செய்கிறார். காகிதத்தில் சுழலாக வரைகிறார். ஒன்றை வரைந்து முடித்ததும் பக்கத்திலேயே இன்னொன்று, முதலாவதன் அசைவை உடம்பால் திரும்ப நினைவுகூர்ந்து. இரண்டும் ஒன்று போலவே இருக்கும், எங்கோ ஒரு கோடு விலகியிருக்கும். அந்த விலகலைத் தேடிக்கொண்டு என்னால் நெடுநேரம் உட்கார முடியும். அவருக்குப் பேச்சு மிகக் குறைவு. எந்தக் கொள்கையையும் அவர் அறிவிக்கவில்லை. அவர் வென்றதைக் கொள்கையாக்கியவர்கள் பாராட்டியவர்களும் குறைசொன்னவர்களும்தான். இரண்டு தரப்பிலும் அந்த முடிச்சுகளைப் பற்றி எழுதியவர்கள் குறைவு.

கடைசியாக அந்தக் கார். ஜஸ்லீன் கௌர் 1986-இல் கிளாஸ்கோ நகரின் போலாக்ஷீல்ட்ஸ் பகுதியில், சீக்கியக் குடும்பத்தில் பிறந்தவர். பரிசுக்கு எடுத்துக்கொள்ளப்பட்ட கண்காட்சி முதலில் நடந்ததும் அதே பகுதியில் உள்ள டிராம்வே அரங்கில்தான். அவர் தந்தை வாங்கிய முதல் கார் ஃபோர்டு எஸ்கார்ட். வந்த நாட்டில் காலூன்றிவிட்டோம் என்று தெருவுக்குக் காட்ட ஒரு தலைமுறை ஆசைப்பட்டு வாங்கிய பொருள். பஞ்சாபிலிருந்து வந்தவர்களில் பலர் பிரிட்டனின் நூற்பாலைகளிலும் நெசவாலைகளிலும் வேலை பார்த்தவர்கள். அந்த நூல்தான் காரின்மேல் பின்னலாக விழுந்திருக்கிறது. பளபளக்கும் சிவப்பின்மேல் வெள்ளைப் பின்னல். கார் ஸ்பீக்கரிலிருந்து பாப் பாட்டைப் போலவே சத்தமாகப் பக்திப் பாடலும் வருகிறது.

நீங்கள் சலிப்போடு எழுதிய வரியை இன்னொரு தரம் படியுங்கள்: 'ஊரில் அம்மா டிவி மேல் போட்டு வைத்திருப்பாரே, அதையே பெரிதாகப் பின்னி.' சுவரில் ஒட்டிய எந்தக் குறிப்பும் உங்களுக்கு அதைச் சொல்லித்தரவில்லை. உங்கள் அம்மா ஏன் டிவியைப் போர்த்தினார்? தூசு படாமல் இருக்க என்பார். தூசுக்கு ஒரு பழைய வேட்டி போதுமே. அரும்பாடுபட்டு வாங்கிய பொருளுக்குத் தன் கையால் செய்த ஒன்றை அணிவித்தார். கல்யாணப் பெண்ணுக்கு முந்தானையை இழுத்துவிடுகிற மாதிரி. அதே கை அங்கே கிளாஸ்கோவில் காருக்குச் செய்திருக்கிறது. அறைக்குள் நுழைந்த மறுகணமே நீங்கள் கண்டுபிடித்துவிட்டீர்கள், பிறகு கலையைத் தேட ஆரம்பித்துவிட்டீர்கள்.

மகள் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம். அந்தக் கலைஞரோட அப்பா முதன்முதலா வாங்கின காரும் இதே மாதிரிதான் என்று சொல்லுங்கள். நீங்கள் இங்கிலாந்தில் முதலில் வாங்கியது என்ன கார், எத்தனை கை மாறி வந்தது, அதில் அவளைப் பிரசவ ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவந்தீர்களா என்பதையும் சொல்லுங்கள். அடுத்த முறை ஊருக்கு வரும்போது, பாட்டி அந்தக் குரோஷா துணியை இன்னும் பீரோவில் மடித்து வைத்திருந்தால், எடுத்து அவள் கையில் கொடுங்கள்.

அன்புடன்.